ஒரு மீட்டர் அகலமுள்ள பாதை

காலை 8.10, சுங்கை பாக்காப்

வாடகைக் காடி வாசலில் வந்து நின்ற பிறகும் நான் இரண்டு முறை வீட்டுக்குள் போய் வந்தேன். முதல் முறை, அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க. இரண்டாம் முறை, மெர்லினுக்கு ஒரு மாற்று உடை போதுமா என்ற சந்தேகத்தில் இன்னொன்றையும் எடுக்க. மெர்லினுக்கு நான்கு வயது. பையில் ஏற்கெனவே தண்ணீர்ப் போத்தல், பிஸ்கட், காய்ச்சல் மருந்து, கொசு மருந்து, அப்பாவின் பெயருக்கு வந்த கடிதம் எல்லாம் இருந்தன. போவதோ பினாங்குத் தீவில் இருக்கும் ஜார்ஜ்டவுன். எங்கள் ஊரிலிருந்து பட்டர்வொர்த் வரை சுமார் முப்பது கிலோமீட்டர், பிறகு கொஞ்சம் கடல், அவ்வளவுதான். ஆனால் குழந்தையோடு நான் தனியாகத் தீவுக்குப் போவது இதுதான் முதல் முறை.

அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“குட எடுத்துக்கிட்டியா?”

“எடுத்துக்கிட்டேன் அத்தை.”

“பிள்ளைய மழையில நனைய வுடாத.”

நான் எதற்காகப் போகிறேன் என்று அத்தைக்குத் தெரியும். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. போகாதே என்று சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

கடிதத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஜார்ஜ்டவுனில், படகுத்துறையை ஒட்டிய சந்து ஒன்றில், பழைய அரிசிக் கிடங்கு ஒன்றை நினைவகமாக மாற்றியிருக்கிறார்கள். கூட்டங்கூட்டமாகக் கொல்லப்பட்ட மக்களை மறக்காமல் இருப்பதற்கும், பலவகை மக்கள் ஒரே இடத்தில் சேர்ந்து வாழ்வது பற்றி வருகிறவர்களை யோசிக்க வைப்பதற்கும் உருவாக்கிய வீடு அது. வேறு நாடுகளில் நடந்த இனப்படுகொலைகளோடு, ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டு மடிந்த நம் தோட்டத் தொழிலாளர்களுக்கும் அங்கே ஒரு சுவர் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தச் சுவரில் பெயர் பதிக்க வேண்டுமானால் குடும்பத்தில் ஒருவர் நேரில் வந்து, ஈர மண் ஓட்டில் தம் கையால் எழுத வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறைதான் சூளை வைக்கிறார்கள்.

என் கொள்ளுத்தாத்தா சவரிமுத்துவை எங்கள் பக்கத்துத் தோட்டத்திலிருந்துதான் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். மூடாக்கு இல்லாத லாரி. அன்று கொட்டும் மழை. அவர் மனைவி ஆரோக்கியம் ஒரு கோணிச்சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் தலையில் போட்டுக்கொள்ளட்டும் என்று தோட்டத்து முகப்பு வரை லாரிக்குப் பின்னால் ஓடினாராம். எட்டவில்லை. அவர் நனைந்துகொண்டே போனார். திரும்பி வரவில்லை.

நாங்கள் கத்தோலிக்கர்கள். ஒவ்வொரு நவம்பரிலும் குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களைத் தாளில் எழுதி, உறையில் போட்டு, கோயிலில் பீடத்துக்கு முன்னால் இருக்கும் பெட்டியில் போடுவோம். பூசையில் அவர்களுக்காக வேண்டுவார்கள். சவரிமுத்துவின் பெயரை மட்டும் அந்தத் தாளில் எழுத ஆரோக்கியம் சாகும்வரை விடவில்லை. “எழுதிப் போட்டா நாமளே கொன்ன மாதிரி” என்பாராம். அவரிடம் வளர்ந்த அத்தை, நானும் எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். இன்றுவரை எழுதவில்லை. அப்பாவுக்கு வேறு எண்ணம். எங்கேயாவது ஓர் இடத்தில் அவர் பெயர் இருக்க வேண்டும் என்று, அக்காவுக்குத் தெரியாமல் நினைவகத்தின் படிவத்தை நிரப்பி அனுப்பினார். பதில் வருவதற்குள் அப்பா காலமாகிவிட்டார். ‘உங்கள் குடும்பத்தார் காலை பதினொரு மணிக்கு வரலாம்’ என்று கடிதம் வந்தபோது, அதைப் பிரித்தவள் நான். சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அத்தை படித்தார். மடித்து, உப்பு டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கணவர் ஜொகூரில் வேலை செய்கிறார். மாதம் இரண்டு முறை வருவார். என்ன செய்யட்டும் என்று அவருக்கு எழுதிக் கேட்டேன். ‘உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்’ என்று பதில் வந்தது. எனக்கு எது சரி என்று பட்டிருந்தால் ஏன் கேட்கப் போகிறேன்?

காலை 8.25, நெடுஞ்சாலை

காடி ஓட்டியவர் செல்வம் அண்ணன். பட்டர்வொர்த் படகுத்துறை வரை கட்டணம் முப்பத்தெட்டு வெள்ளி. செம்பனைத் தோப்புகள் முடிந்து தொழிற்சாலைகள் தொடங்கும் இடத்தில் கண்ணாடி வழியாக மெர்லினைப் பார்த்துக் கேட்டார்.

“பாப்பா எங்க போறீங்க? பீச்சா?”

“மியூசியம்” என்றாள் மெர்லின். அந்தச் சொல்லை முந்தின நாள்தான் கற்றுக்கொடுத்திருந்தேன்.

“என்னா மியூசியம்? பூனை மியூசியமா, டாய்ஸ் மியூசியமா?”

நான்தான் சொன்னேன். அவர் கண்ணாடியில் இப்போது என்னைப் பார்த்தார்.

“தங்கச்சி, தப்பா நெனைக்காதீங்க. பினாங்கு வந்தா எல்லாரும் பிள்ளைங்கள வெளையாடக் கூட்டிட்டுப் போவாங்க. நீங்க செத்தவங்கள பாக்கக் கூட்டிட்டுப் போறீங்களே லா!”

“வீட்டுல விட்டுட்டு வர முடியல அண்ணே. அத்தைக்கு முட்டி வலி. இவ பின்னால ஓட முடியாது.”

“சரி சரி. வரும்போது ஐஸ் கச்சாங் வாங்கிக் குடுத்துருங்க. அதத்தான் ஞாபகம் வச்சிருக்கும்.”

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் மீதி இருபது நிமிடமும், குழந்தை அங்கே எதையாவது பார்த்துப் பயந்து அழுதால் என்ன செய்வது என்பதே எனக்கு ஓடிக்கொண்டிருந்தது. இறங்கும்போது குடையைக் காடியிலேயே விட்டுவிட்டேன். அவர்தான் ஹாரன் அடித்துக் கூப்பிட்டுக் கொடுத்தார்.

காலை 9.30, படகு

படகுக் கட்டணம் இரண்டு வெள்ளி. காசு வாங்குவதில்லை, அட்டையைத் தட்ட வேண்டும். மெர்லினுக்குக் கட்டணம் கேட்கவில்லை. கால் மணி நேரத்துக்குள் அக்கரை. வெள்ளைக் கட்டடங்களும், அவற்றுக்குப் பின்னால் உயர்ந்த அடுக்குமாடிகளும், அதற்கும் பின்னால் மேகம் மூடிய மலையும் மெதுவாகக் கிட்ட வருகின்றன. படகில் எல்லோரும் இரண்டு மூன்று பேராக வந்து ஒருவரை ஒருவர் படமெடுத்துக்கொண்டார்கள். நானும் மெர்லினை எடுத்தேன். பிறகு அந்தப் படத்தை யாருக்கு அனுப்புவது என்று பார்த்தேன். கணவர் வேலை நேரத்தில் பார்க்க மாட்டார். அப்பாவின் எண் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. அனுப்பவில்லை.

பதினொரு மணிக்கு வரச் சொன்ன இடத்துக்கு ஒன்பதே முக்காலுக்கே வந்து சேர்கிற ஆள் நான். அதனால் சூலியா தெருப் பக்கம் நடந்தோம். பணம் மாற்றும் கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. மூலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாயும் குடிக்கத் தே தாரேக்கும் சொன்னேன். கல்லாவில் இருந்த பாய்க்கு அறுபது வயது இருக்கும்.

“அம்மாவும் பொண்ணும் மட்டுமா? அத்தா வரலையா பாப்பா?”

மெர்லின் என்னைப் பார்த்தாள். “காடி நிறுத்திட்டு வர்றாங்க” என்றேன் நான். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. பிறகு அந்தப் பொய்யைக் காப்பாற்ற, வாசலை அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டே ரொட்டியைப் பிய்க்க வேண்டியிருந்தது. மொத்தம் ஆறு வெள்ளி இருபது காசு. நாங்கள் இருவராகவே வெளியேறியபோது பாய் எங்களையும் வாசலையும் பார்த்தார்.

காலை 10.50, கிடங்கு

வெளியிலிருந்து பார்த்தால் அதை நினைவகம் என்று சொல்ல முடியாது. இந்தப் பக்கம் வெங்காய மூட்டை இறக்கும் கடை, எதிரே மோட்டார் சைக்கிள் பட்டறை. சுண்ணாம்பு உதிர்ந்த செங்கல் சுவர், லாரி நுழையும் அளவுக்குப் பெரிய இரும்புக் கதவு. கட்டடத்தை வடிவமைத்தவர் வெளிப்புறத்தில் கையே வைக்கவில்லையாம். அந்தப் பெரிய கதவில் ஆள் நுழைய ஒரு சின்னக் கதவை மட்டும் வெட்டியிருக்கிறார்கள். தலை குனியாமல் நுழைய முடியாது. மெர்லின் குனியாமல் நுழைந்தாள்.

உள்ளே நூர்ஜஹான் அக்கா இருந்தார். தலைத்துணி, மேலே ஒரு மண் படிந்த மேலங்கி, முழங்கை வரை காய்ந்த களிமண். ஓடு வார்ப்பதும் வருகிறவர்களைக் கூட்டிப் போவதும் அவர் வேலை. நுழைவுக் கட்டணம் பத்து வெள்ளி. பெயர் எழுத வருகிறவர்களுக்கு இல்லை. அன்று எங்களைத் தவிர யாரும் வரவில்லை.

“பிள்ளைய உள்ள கூட்டிட்டுப் போலாமா அக்கா? ராத்திரி கனவு கண்டு அழுவா.”

“உள்ள பொணத்துப் படம் ஒண்ணுகூட கெடையாதும்மா. அது இந்த வீட்டு ரூல். செருப்பக் கழட்டிக் கையில வச்சிக்குங்க.”

செருப்பை ஏன் கழற்ற வேண்டும் என்பது முதல் அறையிலேயே புரிந்தது. வெளிச்சம் நிறைந்த பெரிய அறை, ஒரு பொருள்கூட இல்லை. தரை மட்டும்தான். பூப்போட்ட சீன வீட்டு ஓடு, கிராமத்து மலாய் வீட்டுப் பலகை, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தின் சிவப்புச் சிமெண்டு, கடைவீட்டுக் கருங்கல். நான்கும் பழைய வீடுகளிலிருந்து கொண்டுவந்தவை. ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கும் இடத்தில் வாசற்படியோ சட்டமோ இல்லை. கண் பார்ப்பதற்கு முன்னால் கால் கண்டுபிடித்துவிடுகிறது: இங்கே சில்லென்றிருக்கிறது, இங்கே சூடு, இங்கே சொரசொரப்பு. மெர்லின் நான்கையும் சுற்றிச் சுற்றி ஓடினாள். சிவப்புச் சிமெண்டில் நின்று, “அம்மா, நம்ம வீடு!” என்றாள். எங்கள் சமையலறைத் தரையும் அதே சிவப்புதான்.

“இந்தத் தரைய நல்லாப் பாத்துக்குங்க. பொறவு இன்னொரு தடவ பாப்பீங்க” என்றார் அக்கா.

அடுத்து ஒரு சரிவு. தரை கீழே போகிறது, சுவர்கள் நெருங்குகின்றன, கூரை தாழ்கிறது. கூரை எங்கே தாழத் தொடங்கியது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. கையை உயர்த்தினால் தொடலாம் என்ற அளவுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். திரும்பிப் பார்த்தேன், வந்த அறையின் வெளிச்சம் தெரியவில்லை.

சரிவு முடிந்ததும் பாதை தொடங்குகிறது. இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். இரு பக்கமும் சுண்ணாம்புச் சுவர், நடுவில் ஒரு மீட்டர் இடைவெளி. சரியாக ஒரு மீட்டர். சயாம் ரயிலின் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே இருந்த அகலமும் அதுதான். தரையில் தண்டவாளக் கட்டைகள், இடையில் மணல். கட்டைகளின் இடைவெளி ஒன்றுக்கொன்று வேறு. ஒரு கட்டைக்கு எட்டி வைத்தால் அடுத்ததற்குக் குறுக்கி வைக்க வேண்டும். நம் நடை அங்கே செல்லாது.

“பக்கத்துல பக்கத்துல நடக்க முடியாதும்மா. ஒருத்தர் பின்னாடி ஒருத்தர்தான். நான் சுத்தி வந்து அந்தப் பக்கம் நிக்கிறேன்.”

“பிள்ளையத் தூக்கிக்கிட்டுப் போலாமா?”

“தூக்கிக்கிட்டு விழுந்தா ரெண்டு பேருக்கும் அடிபடும்.”

அக்கா போய்விட்டார். எனக்கு அந்த இடத்திலேயே கால் நின்றுவிட்டது. குழந்தையை முன்னால் விடுவதா, பின்னால் விடுவதா? முன்னால் விட்டால் என்ன இருக்கிறது என்று தெரியாத இடத்துக்கு அவள் முதலில் போவாள். பின்னால் விட்டால் அவள் வருகிறாளா என்று எனக்குத் தெரியாது. முதலில் அவளைப் பின்னால் வைத்து, என் கையைப் பின்பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பத்துக் கட்டைக்குள் தோள் வலித்தது, இருவருக்கும் கால் தடுக்கியது. சரி என்று முன்னால் விட்டேன்.

அவள் கட்டைக்குக் கட்டை குதித்துக்கொண்டு ஓடினாள். பாதை ஓரிடத்தில் வளைகிறது. அங்கே போனவளைக் காணோம்.

“மெர்லின்!”

அந்தச் சுவர் குரலைத் திருப்பித் தரவில்லை. விழுங்கிவிட்டது. நான் ஓடப் பார்த்தேன். அந்தக் கட்டைகளில் ஓட முடியவில்லை. ஒரு கால் மணலில் இறங்கியது, கையில் இருந்த செருப்பு விழுந்தது, மற்றதையும் போட்டுவிட்டுப் போனேன். வழியில் சுவரைக் குடைந்து மூன்று மாடங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறொரு நாட்டில் கொல்லப்பட்ட மக்களுக்கு. ஒன்றில் வெறும் சுவர். படங்கள் மாட்டியிருந்த இடம் மட்டும் சதுரம் சதுரமாக வெளுத்திருந்தது. இன்னொன்றில் பள்ளிக்கூடத்துப் பை மாட்டும் கொக்கிகள், வரிசையாக, மெர்லினின் உயரத்தில், காலியாக. மூன்றாவதை நான் பார்க்கவில்லை. போய்வந்த இடத்தைப் பற்றி எழுதுகிறவள் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கையில் சாக்கோடு ஓடிய ஆரோக்கியத்தின் நினைவு அப்போதுதான் வந்தது. அவர் ஓடியது எத்தனை தூரம் என்று நான் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

வளைவு தாண்டியதும் மெர்லின் தரையில் உட்கார்ந்து சுவரில் இருந்த சின்னச் சன்னலில் முகத்தை வைத்திருந்தாள். அந்தச் சன்னல் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருக்கிறது.

“அம்மா, இங்க பாரு, நம்ம வெளையாண்ட எடம்!”

நான் முட்டி போட்டுப் பார்த்தேன். பார்க்க வேண்டுமானால் முட்டிதான் போட வேண்டும். மேலே, வெளிச்சத்தில், அந்த நான்கு தரைகள். சத்தம் போட வேண்டும் என்று வந்தவள், அவளை அணைத்துக்கொண்டு மணலிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பகல் 11.40, முற்றம்

பாதை முடிகிற இடத்தில் திடீரென்று வானம். பழைய கடைவீடுகளில் நடுவில் விடுவார்களே, அதுபோன்ற திறந்த முற்றம். ஆனால் மூன்று மாடி உயரம். ஒரு பக்கச் சுவர் முழுவதும் சிறு சிறு பொந்துகள். அடி வரிசைகளில் சிலவற்றில் ஓடு பதித்திருக்கிறார்கள். மேலே போகப் போக எல்லாம் காலி.

சயாம் ரயிலை இனப்படுகொலை என்று சொல்லலாமா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. அக்காவிடம் கேட்டேன்.

“கொல்லணும்னே கொன்னவனும் இருக்கான், செத்தா சாவட்டும்னு விட்டவனும் இருக்கான். ரெண்டுக்கும் ஒரே வீட்டுல எடம் குடுத்துருக்காங்க. பேரு என்னா வைக்கிறதுன்னு படிச்சவங்க சண்ட போட்டுக்கட்டும்” என்றார். என் செருப்புகளை எடுத்து வந்து கொடுத்தார்.

“மேல கூரை இல்லியே அக்கா. மழ பெஞ்சா?”

“நனையும். ஓடும் நனையும், பாக்க வந்தவங்களும் நனைவாங்க. கூரையே போடக் கூடாதுன்னு கட்டுனவரு கண்டிசனாச் சொல்லிட்டாரு. அவங்க லோரில நனைஞ்சிட்டுப் போனாங்க, நாம மட்டும் காஞ்ச எடத்துல நின்னு பாக்கக் கூடாதாம்.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சுட்ட ஓட்டுக்கு ஒண்ணும் ஆவாதும்மா. சுடாத மண்ணுதான் கரையும்” என்றார்.

முற்றத்தின் ஓரத் தாழ்வாரத்தில் மேசை. அக்கா ஓர் ஈர ஓட்டையும் மூங்கில் குச்சியையும் வைத்தார். மெர்லினுக்கு ஒரு பிடி களிமண் கொடுத்தார். அவள் உடனே ரொட்டி தட்டத் தொடங்கினாள்.

“பேரு. பொறப்பட்ட எடம். அவ்வளவுதான். எப்ப செத்தாங்க, எங்க செத்தாங்கன்னு நாங்க கேக்குறதில்ல. யாருக்குத் தெரியும்?”

புறப்பட்ட இடம். இறந்த இடம் அல்ல. அது எனக்குக் கொஞ்சம் தைரியம் கொடுத்தது. ஆனாலும் வீட்டுக்கு ஒரு முறை போன் செய்தேன். அத்தை கைப்பேசியைக் குளிர்பெட்டியின் மேல் வைத்துவிட்டு மறந்துவிடுவார். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் அடித்தேன். எடுத்திருந்தால் என்ன கேட்டிருப்பேன் என்று இப்போதும் தெரியவில்லை.

“மண்ணு காயுதும்மா” என்றார் அக்கா. “எழுதலன்னாலும் பரவால்ல. பொந்து அப்படியே இருக்கும். எத்தனையோ பேரு வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க.”

அப்பா படிவத்தை நிரப்பிய நாளை நினைத்துக்கொண்டேன். பெரிய எழுத்தில், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஓர் எழுத்து அடங்கும்படி எழுதியிருந்தார். குச்சியை எடுத்தேன். கை தானாக ஒரு சிலுவையைக் கீறிவிட்டது.

எங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயருக்கு முன்னால் சிலுவை போடாமல் யாரும் எழுதுவதில்லை. நவம்பர் உறைக்குள் போகும் தாளிலும் அப்படித்தான், கல்லறையிலும் அப்படித்தான். அப்பாவின் பெயருக்கு முன்னால் போன நவம்பரில் நானே போட்டேன். அந்தக் கை இதையும் செய்துவிட்டது. ஓட்டில் பெயர் இல்லை, ஊர் இல்லை, சிலுவை மட்டும் இருந்தது. அத்தையும் ஆரோக்கியமும் சேர்ந்து இத்தனை காலம் செய்ய மறுத்ததை நான் யோசிக்காமல் ஒரு நொடியில் செய்துவிட்டேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

“என்னாச்சு? சிலுவை போட்டீங்களா? அதுக்கென்ன, இருந்துட்டுப் போவுது. எங்க ஆளுங்க வந்தா மொதல்ல எழுநூத்தி எம்பத்தாறு போட்டுருவாங்க. இந்துக்காரவுங்க கை பிள்ளையார் சுழியிலதான் ஆரம்பிக்கும். அந்தா அந்தச் செவுத்துல போயிப் பாருங்க, எல்லாம் இருக்கு.”

“அதில்ல அக்கா. சிலுவை போட்டா எங்க வீட்டுல செத்துட்டாங்கன்னு அர்த்தம்.”

அக்கா என்னைப் பார்த்தார். எண்பது ஆண்டுக்கு முன்னால் போனவர் பிறகு என்ன, உயிரோடா இருப்பார் என்று கேட்கவில்லை. தண்ணீர்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

“தண்ணி தொட்டுத் தேயுங்க. போயிரும்.”

தேய்த்தேன். தேய்க்கும்போதே அடுத்த பயம் பிடித்தது: ஞானஸ்நானம் பெற்ற ஒரு மனிதனின் பெயரிலிருந்து சிலுவையை என் விரலால் அழிக்கிறேனே, இது என்ன பாவம்? ஆனால் நான் அழுத்திக் கீறியிருந்தேன். எவ்வளவு தேய்த்தும் முழுவதும் போகவில்லை. தெரிந்து பார்த்தால் தெரியும், தெரியாதவர்களுக்குத் தெரியாது. அதற்கு மேல் தேய்க்காமல் விட்டேன். பக்கத்தில் எழுதினேன்: சவரிமுத்து. கீழே: சுங்கை பாக்காப்.

மெர்லின் தன் ரொட்டியை ஓட்டின் பக்கத்தில் வைத்தாள். “தாத்தாவுக்கு” என்றாள். எந்தத் தாத்தாவுக்கு என்று நான் கேட்கவில்லை.

அக்கா ஓட்டை எடுத்துத் தாழ்வாரத்தின் உள்பக்கம் இருந்த மரத்தட்டில் வைத்தார். மூன்று வாரம் நிழலில் காய வேண்டும். பிறகு தீவின் மறுபக்கம், பாலிக் புலாவில் இருக்கும் சூளைக்குப் போகும். அதன் பிறகுதான் சுவர்.

பிற்பகல் 2.30, மறுபடியும் சூலியா தெரு

மெர்லின் பசி என்றாள். எனக்குத் தெரிந்த கடை அந்த ஒன்றுதான். பாய் எங்களைக் கண்டதும் வாசலை எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, இன்னுமா காடி நிறுத்துறாரு? பினாங்குல பார்க்கிங் கஷ்டம்தான், ஆனா இவ்ளோ கஷ்டமா லா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து முதல் முறையாகச் சிரித்தேன். “ஜொகூர்ல வேலை செய்றாங்க பாய். வெள்ளிக்கெழமதான் வருவாங்க” என்றேன்.

“அத காலையிலயே சொல்லியிருக்கலாம்ல? நான் அவருக்கும் சேத்து ஒரு ரொட்டி போடச் சொல்லி வச்சிருந்தேன்.” சீவிய ஐஸும் சர்க்கரைப் பாகுமாக மெர்லினுக்கு ஐஸ் கச்சாங் வந்தது. அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

மாலை 4.15, படகு

திரும்பும் படகு புறப்பட்டதும் தூறல் தொடங்கியது. மெர்லின் என் மடியில் தூங்கிவிட்டாள். பாதித் தூரம் வந்திருப்போம், கைப்பேசி அடித்தது. அத்தை.

“ரெண்டு தடவ அடிச்சிருக்கியே?”

“சும்மாதான் அத்தை.”

“எழுதிட்டியா?”

“எழுதிட்டேன்.”

இணைப்புப் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன்.

“அங்க மழ படுமா?”

அவர் கேட்டது ஓட்டைப் பற்றி அல்ல என்று எனக்குத் தெரியும்.

“படாது அத்தை. உள்ளதான் இருக்கு.”

“ம். பிள்ள தலைய மூடு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

சொன்னது பொய்யா என்று பட்டர்வொர்த் வரும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குப் பொய் இல்லை. ஓடு தாழ்வாரத்தில் மரத்தட்டில் இருக்கிறது, மேலே கூரை இருக்கிறது. மூன்று வாரத்துக்கு நான் சொன்னது உண்மை. சுவரில் பதித்த பிறகுதான் பொய்யாகும். எங்கள் வீட்டில் மழையில் எதையும் நனைய விடுவதில்லை. முதல் துளி விழுந்ததும், முட்டி வலியோடு அத்தை கொடிக்கு ஓடுவார். கால் மிதியைக்கூட உள்ளே கொண்டுவந்து போடுவார். அந்த வீட்டிலிருந்து போனவரை, கூரையே வேண்டாம் என்று ஒருவர் யோசித்துக் கட்டிய சுவரில் நான் வைத்துவிட்டு வருகிறேன். கட்டியவர் நினைத்தது சரி என்றுதான் அந்த முற்றத்தில் நின்றபோது எனக்குப் பட்டது. அத்தையின் குரலைக் கேட்டதும் அவ்வளவு உறுதியாக இல்லை.

ஓட்டைச் சுவரில் பதித்ததும் அத்தையை அழைத்துப் போக வேண்டும். பாய்க்கு உண்மையைச் சொன்னதுபோல் அத்தைக்கும் சொல்லிவிடலாம். ஆனால் இதைச் சொல்வதைவிடக் காட்டுவது நல்லது. அந்த ஒரு மீட்டர் பாதையில் மூவரும் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். மெர்லின் முன்னால், அவளுக்கு வழி தெரியும். அத்தை நடுவில். நான் கடைசியில், இருவரையும் பார்த்துக்கொண்டு. முற்றத்தில் அந்த ஓட்டுக்கு முன்னால் வந்ததும் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அத்தை குடையை விரிப்பார். அதைத் தம் தலைக்கு மேல் பிடித்துக்கொள்ள மாட்டார் என்று எனக்குத் தெரியும்.